கையால் எழுதுவதா, கைப்பேசியில் பதிவதா? போட்டித் தேர்வுக்குக் குறிப்பெடுக்கும் முறை: முழுமையான வழிகாட்டி

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4, குரூப் 2 போன்ற தேர்வுகளுக்குப் பள்ளிப் பாடநூல்களை வைத்துக்கொண்டு தாமாகவே படிப்பவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். நானும் அப்படிப் படித்தவன்; பிறகு ஒரு நூலகத்தின் போட்டித் தேர்வுப் பகுதியில் புதிதாக வருபவர்களுக்குச் சில ஆண்டுகள் உதவியிருக்கிறேன். நான்கு வண்ணப் பேனாக்களால் எழுதி, அட்டை போட்டு, பதினொரு நோட்டுகளை அடுக்கி வைத்திருக்கும் ஒருவரிடம் நேற்று எழுதிய பக்கத்திலிருந்து ஒரு கேள்வி கேட்டால் விடை வராது. அடுத்த மேசையில் கைப்பேசி நிறைய பிடிஎஃப் கோப்புகளைச் சேர்த்து வைத்திருப்பவருக்கும் அதே நிலைதான்.

இருவருமே கருவியைத் தேர்ந்தெடுப்பதில் காட்டிய அக்கறையை, எந்த வேலையை முதலில் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்பதில் காட்டவில்லை. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்ய வேண்டும். வரிசை மாறினால் பயன் பெரிதும் குறைந்துவிடும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், தேர்வாணையம் வெளியிட்டுள்ள பாடத்திட்டத்தை அச்சிட்டுக் கொள்ளுங்கள். அடுத்து, முந்தைய ஆண்டு வினாத்தாள்களில் குறைந்தது மூன்றைச் சேர்த்துக் கொள்ளுங்கள். குறிப்பெடுப்பது என்பது அடிப்படையில் எதை விடுவது என்று முடிவு செய்யும் வேலை. என்ன கேட்பார்கள் என்பது தெரியாதவரால் எதையும் விட முடியாது, ஆகவே எல்லாவற்றையும் எழுதிவிடுவார்.

ஒரு பாடப்பகுதிக்கு ஒரு மூல நூல் போதும். பள்ளிப் பாடநூல், பயிற்சி மையத்தின் கையேடு, டெலிகிராமில் வந்த சுருக்கம் என மூன்றையும் விரித்து வைத்துக்கொண்டால், ஒரே செய்தியை மூன்று சொற்களில் மூன்று முறை எழுதுவீர்கள்.

கோடு போட்ட நீள நோட்டு ஒன்று, நீலம் அல்லது கறுப்புப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று வேண்டும். இரண்டுக்கு மேல் வண்ணம் வேண்டாம்; ஒவ்வொரு வண்ணத்துக்கும் பேனா மாற்றும்போது கவனம் பாடத்தை விட்டு அலங்காரத்துக்குப் போய்விடும். கைப்பேசி வேண்டும், ஆனால் எட்டாம் படி வரை அது பைக்குள் இருக்க வேண்டும்.

2. எதைக் கையால் எழுதுவது, எதைக் கைப்பேசியில் வைப்பது என்று பிரித்தல்

கையால் எழுதினால் மனத்தில் நிற்கும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அதில் உண்மை உண்டு, ஆனால் சொல்லப்படும் அளவுக்கு எளிதானதல்ல. 2014-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் முல்லர், ஓப்பன்ஹைமர் இருவரும் வெளியிட்ட ஆய்வில், மடிக்கணினியில் குறிப்பெடுத்த மாணவர்கள் உரையாளர் சொன்னதை வரிக்கு வரி தட்டச்சு செய்ததாகவும், கருத்தைப் புரிந்துகொண்டு விடையளிக்க வேண்டிய வினாக்களில் கையால் எழுதியவர்களைவிடப் பின்தங்கியதாகவும் தெரிந்தது. வரிக்கு வரி எழுதாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லியும் அந்தப் பழக்கம் மாறவில்லை. ஆனால் அதே சோதனையை வேறொரு குழு திரும்பச் செய்து 2021-இல் வெளியிட்டபோது, வரிக்கு வரி தட்டச்சு செய்யும் போக்கு மறுபடியும் தென்பட்டதே தவிர, மதிப்பெண்ணில் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை.

நார்வேயில் 36 மாணவர்களை வைத்துச் செய்து 2024-இல் வெளியிடப்பட்ட மூளை அலைச் சோதனை வாட்ஸ்அப்பில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கையால் எழுதும்போது மூளைப் பகுதிகளுக்கிடையே இணைப்பு கூடுதலாக இருந்தது என்பதுதான் அதன் முடிவு. எழுதியவர்கள் பிறகு எவ்வளவு நினைவில் வைத்திருந்தார்கள் என்பதை அந்தச் சோதனை அளக்கவில்லை; தட்டச்சு செய்தவர்களும் ஒரே விரலால்தான் தட்டினார்கள். ஆகவே அதைக் காட்டி யாராவது உங்கள் கைப்பேசியைத் தூக்கிப் போடச் சொன்னால் பொருட்படுத்த வேண்டாம்.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்: கை மெதுவாகச் செல்வதால் எல்லாவற்றையும் எழுத முடியாமல் போகிறது, எழுத முடியாததால் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது, தேர்ந்தெடுக்கும்போது புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, நேரம் எவ்வளவு ஆனாலும் சரி என்று அப்படியே பார்த்து எழுதினால், கையின் இந்த நன்மை முழுவதும் போய்விடும்.

அதனால் இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். காரணம், தொடர்ச்சி, ஒப்பீடு உள்ள பகுதிகளான அரசியலமைப்பு, வரலாறு, பொருளாதாரம், அறிவியல் கோட்பாடுகள் ஆகியவை நோட்டுக்கு. நாள்தோறும் கூடிக்கொண்டும் மாறிக்கொண்டும் இருக்கும் நடப்பு நிகழ்வுகள், திட்டங்கள், நியமனங்கள், விருதுகள் ஆகியவை கைப்பேசிக்கு. ஏனெனில் ஒரு பதவிக்குப் புதியவர் வந்தால் நோட்டில் அடித்துத்தான் எழுத வேண்டும், கைப்பேசியில் ஒரு வரியை மாற்றினால் போதும். கணக்கு முழுவதும் தாளில்தான். திறனறிப் பகுதியின் கணக்குகளைக் கைப்பேசியில் விடையோடு பார்த்துப் பழகியவர்கள் தேர்வு அறையில் முதல் வரி எழுதவே திணறுவதைக் கண்டிருக்கிறேன்.

தமிழ்ப் பகுதிக்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. குரூப் 4 தாளின் 200 வினாக்களில் 100 வினாக்கள் தமிழ்த் தகுதிப் பகுதியைச் சேர்ந்தவை. அதில் 150-க்கு 60 மதிப்பெண் வராவிட்டால் மீதித் தாளை மதிப்பிடவே மாட்டார்கள். ஒலி வேறுபாடு, சந்திப்பிழை போன்றவை அங்கே கேட்கப்படுகின்றன. கைப்பேசியில் நம்மில் பலர் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வரவழைக்கிறோம். ‘பல்லி’, ‘பள்ளி’ இரண்டையும் விசைப்பலகையே வரிசையாகக் காட்டிவிடும், நாம் ஒன்றைத் தொடுவோம். லகர ளகர ழகரத்தில் எது என்று முடிவு செய்யும் வேலையில் பாதியைக் கருவி செய்துவிடுகிறது. கையால் எழுதும்போது அந்த முடிவு முழுவதும் நம்முடையது. தமிழ் எழுத்துகளே விசைகளாக உள்ள தமிழ்99 விசைப்பலகையில் எழுத்தெழுத்தாகத் தட்டிப் பழகியவர்களுக்கு இந்தக் குறை அவ்வளவாக இராது. அவர்கள் எண்ணிக்கை குறைவு.

3. பக்கத்தைத் தயார் செய்தல்

நோட்டின் முதல் நான்கு பக்கங்களைப் பொருளடக்கத்துக்கு விட்டுவிட்டு, எல்லாப் பக்கங்களுக்கும் முதல் நாளே எண் போட்டு விடுங்கள். இந்த எண்தான் பின்னால் நோட்டையும் கைப்பேசியையும் இணைக்கப் போகிறது.

ஒவ்வொரு வலப்பக்கத்திலும் இடது ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு கோடு இழுங்கள். கீழே ஐந்து வரி உயரத்துக்கு இன்னொரு கோடு. ஓரப் பகுதி கேள்விகளுக்கு, கீழ்ப் பகுதி அன்று தவறவிட்டவற்றுக்கு. இடப்பக்கம் முழுவதையும் வெறுமையாக விடுங்கள். காகிதம் வீணாகிறதே என்று தோன்றும். ஆறு மாதம் கழித்து அதே தலைப்பில் ஒரு வினாத்தாளிலிருந்து புதிய செய்தி கிடைக்கும்போது, அதை எழுத இடமில்லாமல் சிறு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டி, சீட்டு உதிர்ந்து, செய்தியும் தொலைந்துபோவதைவிட வெறும் பக்கம் மலிவானது.

தாளில் இன்னொரு வசதியும் இருக்கிறது: ‘அது இடப்பக்கம் மேலே, மையக்கறை பட்ட இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது’ என்று இடத்தைக் கொண்டு செய்தியை மீட்க முடியும். மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கும் திரையில் செய்திக்கு நிலையான இடம் இல்லை. அதனால்தான் ஒரு தலைப்பை ஒரு விரிப்புக்குள், அதாவது எதிரெதிர் இரண்டு பக்கங்களுக்குள், முடிக்க முயலச் சொல்கிறேன்.

4. முதல் வாசிப்பு: பேனாவைத் தொடாமல்

நான்கு அல்லது ஐந்து பக்கங்களை ஒரு பகுதியாகக் கொள்ளுங்கள். அதை முதல் முறை படிக்கும்போது பேனா, ஹைலைட்டர் எதையும் தொட வேண்டாம். முதல் முறை படிக்கும்போது எல்லா வரியும் முக்கியமாகத்தான் தெரியும். அப்போது கோடிட்டால் பக்கம் முழுவதும் மஞ்சளாகிவிடும், எது முக்கியம் என்பது மறுபடியும் தெரியாமல் போகும்.

இரண்டாம் முறை படிக்கும்போது, ஒரு பத்திக்கு ஒரு சொல் வீதம் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம். நூலகப் புத்தகமானால் அதையும் தவிருங்கள்.

5. புத்தகத்தை மூடிவிட்டு எழுதுதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் பின்பற்றுவதென்றால், இதைப் பின்பற்றுங்கள். பகுதியைப் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்துவிட்டு, நினைவில் இருப்பதை மட்டும் வலப்பக்கத்தில் எழுதுங்கள். வரவில்லையென்றால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வெற்றிடம் விடுங்கள். எட்டிப் பார்க்கக் கூடாது.

எடுத்துக்காட்டாக, அடிப்படை உரிமைகள் பாடத்தை எடுத்துக்கொள்வோம். நூலகத்துக்கு வந்த ஓர் இளைஞர் முதல் நாள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். ‘சமத்துவ உரிமை பிரிவு 14 முதல் 18 வரை’ என்று தொடங்கி ஒவ்வொரு பிரிவும் பாடநூலின் சொற்களிலேயே இருந்தது. மறுநாள் அதே பாடத்தை மூடி வைத்து எழுதச் சொன்னேன். அவர் எழுதியது இவ்வளவுதான்:

14–18 சமத்துவம்
19–22 சுதந்திரம்
23, 24 சுரண்டல் கூடாது
25–28 சமயம்
29, ___ கல்வி, பண்பாடு
32 தீர்வு, ரிட் ___

‘சார், ஒண்ணுமே வரல’ என்றார் அவர், முகம் வாடி. எனக்கோ அந்தப் பக்கம் முந்தைய ஒன்றரைப் பக்கத்தைவிட மதிப்புள்ளதாகத் தெரிந்தது. இரண்டு வெற்றிடங்கள் கிடைத்துவிட்டன: 29-க்கு அடுத்த பிரிவு, ரிட் எனப்படும் நீதிப்பேராணைகள். இனி எங்கே உழைக்க வேண்டும் என்பது தெரியும். அதோடு, சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘30-க்கு அப்புறம் 31 எங்கே போச்சு?’ என்று அவரே கேட்டார். பார்த்து எழுதிய அன்று அந்தக் கேள்வி அவருக்கு எழவில்லை. சொத்துரிமை 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தத்தால் அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கப்பட்டு, 300ஏ பிரிவின் கீழ் சட்ட உரிமையானது என்பதைப் பிறகு தேடிக் கண்டுகொண்டார். தாமே கேட்டுத் தேடிய அந்த விடையை அவர் மறக்கவே இல்லை.

எழுதும்போது முழு வாக்கியம் வேண்டாம். அம்புக்குறி, எண், சொற்சுருக்கம் போதும். ஆனால் உங்கள் சுருக்கம் ஒரு மாதம் கழித்தும் உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதால், நோட்டின் கடைசிப் பக்கத்தில் சுருக்கங்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

6. திறந்து பார்த்துச் சிவப்பில் திருத்துதல்

இப்போது புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தவறாக எழுதியதையும் சிவப்புப் பேனாவால் சரி செய்யுங்கள். நீல எழுத்தை அழிக்கவோ அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதவோ வேண்டாம். நீலம் உங்களுக்குத் தெரிந்தது, சிவப்பு தெரியாதது என்று ஒரே பார்வையில் காட்டும் பக்கம் இது. அழகாகத் திரும்ப எழுதினால் அந்தத் தகவல் அழிந்துவிடும்.

குழப்பிக்கொண்டவற்றைப் பக்கத்தின் கீழ்ப் பகுதியில் சோடியாக எழுதுங்கள். 21ஏ, 24 இரண்டிலும் ‘14 வயது’ வருவதால் பலர் மாற்றி எழுதுவார்கள். முன்னது 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட, 6 முதல் 14 வயது வரையான குழந்தைகளின் கல்வி உரிமை. பின்னது 14 வயதுக்குட்பட்டவர்களைத் தொழிற்சாலை, சுரங்கம் முதலிய ஆபத்தான வேலைகளில் அமர்த்துவதைத் தடுப்பது. இரண்டையும் அருகருகே வைத்தால்தான் வேறுபாடு பதியும். தனித்தனியே பத்து முறை படித்தாலும் தேர்வறையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

7. ஓரத்தில் கேள்விகள் எழுதுதல்

அன்று இரவோ மறுநாள் காலையோ, பக்கத்தின் இடது ஓரத்தில் கேள்விகளை எழுதுங்கள். உடனே எழுதாமல் சில மணி நேரம் விடுவதற்குக் காரணம் உண்டு: படித்த சூட்டில் எல்லாம் தெளிவாக இருப்பதால், எதைக் கேட்பது என்றே தோன்றாது.

‘அடிப்படை உரிமைகள் யாவை?’ என்பது பயனற்ற கேள்வி. விடை ஒரு பக்கம் நீளும், சரிபார்க்கவும் முடியாது. ‘வெளிநாட்டவருக்குக் கிடையாத அடிப்படை உரிமைகள் எந்தப் பிரிவுகளில் உள்ளன?’ என்பது நல்ல கேள்வி. அதற்கு 15, 16, 19, 29, 30 என்று சொல்ல வேண்டுமானால், ஒவ்வொரு பிரிவும் குடிமகனைப் பற்றிப் பேசுகிறதா, எல்லா மனிதரையும் பற்றிப் பேசுகிறதா என்று யோசித்திருக்க வேண்டும். பக்கத்துக்கு ஐந்து கேள்விகளுக்கு மேல் வேண்டாம். அவற்றில் ஒன்றாவது ‘ஏன்’ என்று தொடங்கட்டும்.

8. கைப்பேசிக்கு மாற்றுதல்

கைப்பேசியைப் பையிலிருந்து எடுக்கலாம். முழு நோட்டையும் தட்டச்சு செய்யத் தொடங்கிவிடாதீர்கள். மாற்ற வேண்டியவை மூன்று மட்டும்.

முதலாவது, பக்கத்தின் படம். நல்ல வெளிச்சத்தில், மேலிருந்து நேராக எடுத்து, ‘அரசியலமைப்பு – அடிப்படை உரிமைகள் – நோட்டு 2 – பக்கம் 37’ என்று பெயரிட்டு கூகுள் டிரைவ் போன்ற ஓரிடத்தில் வையுங்கள். தமிழ்க் கையெழுத்துப் படத்துக்குள் இருக்கும் சொல்லைத் தேடல் கண்டுபிடித்துக் கொடுக்கும் என்று நம்ப வேண்டாம். பெயரில் தட்டச்சு செய்திருக்கும் சொல்தான் பின்னால் தேடலில் சிக்கும். பெயரில்லாத இருநூறு படங்கள் கேலரியில் கல்யாணப் புகைப்படங்களோடு கலந்து கிடந்தால், எடுத்ததும் எடுக்காததும் ஒன்றுதான். எனக்கு ஒருமுறை மழை நீர் இறங்கி ஒரு நோட்டு முழுவதும் மை கரைந்து போயிற்று. அன்றுதான் இந்தப் பழக்கம் வந்தது.

இரண்டாவது, ஓரக் கேள்விகளில் எளிதில் விடை வராதவை. அன்கி போன்ற அட்டைச் செயலியில் முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையும் தட்டச்சு செய்யுங்கள். ஓர் அட்டைக்கு ஒரு செய்தி மட்டும். ‘ஐந்து நீதிப்பேராணைகளையும் விளக்குக’ என்று ஓர் அட்டை போட்டால் நான்கு தெரிந்து ஒன்று தெரியாதபோது சரியா தவறா என்று குறிக்கவே முடியாது. ‘சட்டத்துக்குப் புறம்பாகக் காவலில் வைக்கப்பட்டவரை நேரில் நிறுத்த உதவும் ஆணை எது?’ என்று கேட்டு, பின்னால் ‘ஆட்கொணர்வு’ என்று எழுதுங்கள். மற்ற நான்குக்கும் தனித்தனி அட்டை.

வேறொருவர் செய்த ஆயிரம் அட்டைத் தொகுப்பைத் தரவிறக்கிக்கொள்வதை நான் பரிந்துரைப்பதில்லை. எது தமக்கு வரவில்லை என்று பார்த்து, அதைக் கேள்வியாக்கும் வேலையில்தான் பாதிப் படிப்பு நடக்கிறது.

மூன்றாவது, நடப்பு நிகழ்வுகள். இவை நோட்டுக்கே போகாமல் நேராகக் கைப்பேசிக் குறிப்புச் செயலியில் மாதம், தலைப்பு எனப் பிரித்து வைக்கப்பட வேண்டியவை. நாளிதழ் செய்தியை அப்படியே ஒட்டாமல், மூன்று வரியில் உங்கள் சொற்களில் எழுதுங்கள். வெட்டி ஒட்டுவது தட்டச்சைவிடவும் வேகமானது, அந்த அளவுக்கே மனத்தில் நிற்காததும்கூட.

9. மீள்பார்வை: எந்த நாளில், எப்படி

மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாள் என்று நான்கு முறை. இந்த எண்களில் மந்திரம் எதுவும் இல்லை. இடைவெளி விரிந்துகொண்டே போக வேண்டும் என்பதுதான் முக்கியம். பக்கத்தின் மேல் மூலையில் நான்கு தேதிகளையும் முன்கூட்டியே எழுதி, முடித்ததை டிக் செய்யுங்கள்.

மீள்பார்வை என்றால் வாசிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். வலது பகுதியை ஒரு தாளால் மறைத்து, ஓரக் கேள்வியை மட்டும் பார்த்து, விடையை முணுமுணுக்கவோ ஒரு ரஃப் தாளில் கிறுக்கவோ செய்த பிறகே தாளை நகர்த்த வேண்டும். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் வெளியிட்ட சோதனை இதற்குத் தெளிவான காரணத்தைக் காட்டுகிறது: ஒரு பகுதியை மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள், இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் நடந்தவற்றிலோ, மீண்டும் படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். மீண்டும் வாசிப்பது அன்றிரவு தரும் தெம்பு இப்படித்தான் நம்மை ஏமாற்றுகிறது.

அட்டைச் செயலி தானாகவே இடைவெளியைக் கணக்கிட்டுக் கொடுக்கும். பேருந்தில், நீண்ட வரிசைகளில் நிற்கும்போது அதைப் பயன்படுத்துங்கள். நோட்டை விரிக்க முடியாத அந்த இடங்களில்தான் கைப்பேசியின் அருமை தெரியும். நாளொன்றுக்குப் புதிய அட்டை இருபதுக்கு மேல் சேர்க்காதீர்கள். முதல் வாரம் ஆர்வத்தில் நூறு நூறாகச் சேர்த்தவர்கள், மூன்றாம் வாரம் நிலுவையில் எழுநூறு அட்டை நிற்பதைப் பார்த்துச் செயலியையே நீக்கிவிடுகிறார்கள்.

10. வகுப்பிலும் காணொளியிலும் வரிசை சற்று மாறும்

நேரடி வகுப்பில் புத்தகத்தை மூடுவது போல ஆசிரியரை நிறுத்த முடியாது. அங்கே ஒரு தலைப்புக்கு ஐந்தாறு சொற்கள் மட்டும் எழுதிக்கொண்டு கேளுங்கள். வகுப்பு முடிந்த அரை மணி நேரத்துக்குள் ஐந்தாம் படியைச் செய்யுங்கள். பலகையைப் படம் எடுப்பதில் தவறில்லை, படம் எடுத்தாயிற்று என்ற நிம்மதியில் கேட்பதை நிறுத்தாதவரை.

காணொளியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுதுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி நிறுத்தி எழுதினால் அது பார்த்து எழுதுவதேயாகும், நேரமும் மூன்று மடங்காகும்.

11. புதியவர்கள் இடறும் இடங்கள்

நோட்டுகளின் எண்ணிக்கையைக் கணக்கு வைப்பது முதல் இடறல். ‘ஏழு நோட்டு முடித்துவிட்டேன்’ என்று சொல்பவரிடம் முதல் நோட்டை எடுத்துக் கேட்டால் முகம் மாறும். எத்தனை பக்கம் எழுதினோம் என்பதைவிட, எத்தனை பக்கத்தில் நான்கு டிக்கும் விழுந்திருக்கின்றன என்பதையே எண்ண வேண்டும்.

அடுத்தவர் நோட்டை ஜெராக்ஸ் எடுப்பது இரண்டாவது. தேர்ச்சி பெற்றவரின் குறிப்பு அவருக்குத் தெரியாதவற்றின் பட்டியல். அவருக்குத் தெரிந்ததை அவர் எழுதியிருக்க மாட்டார். உங்களுக்குத் தெரியாதது அதில் விடுபட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

செயலி மாற்றிக்கொண்டே இருப்பது மூன்றாவது. கூகுள் கீப்பிலிருந்து நோஷனுக்கு, அங்கிருந்து ஒன்நோட்டுக்கு என்று குறிப்புகளை இடம் மாற்றும் வாரத்தில் ஒரு பாடமும் நகராது. தமிழை ஒழுங்காகக் காட்டுகிறதா, இணையம் இல்லாதபோதும் திறக்கிறதா, பிரதி எடுக்க முடிகிறதா என்ற மூன்றைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தேர்வு முடியும்வரை அதிலேயே இருங்கள்.

கைப்பேசியை மேசைமேல் வைத்துக்கொண்டு ‘சந்தேகம் வந்தால் பார்க்க’ என்று சொல்வதைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. சந்தேகத்தைச் சிவப்பில் குறித்துக்கொண்டு, மாலையில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பாருங்கள்.

12. கையால் எழுத இயலாதவர்களுக்கு

மணிக்கட்டு வலி, பார்வைக் குறைபாடு, பேருந்துப் பயணத்திலேயே பாதி நாள் கழியும் வேலை என்று காரணம் எதுவாயினும், நோட்டு ஒத்துவராதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தட்டச்சிலேயே இதே படிகளைச் செய்யலாம், ஆனால் கை தானாக விதிக்கும் கட்டுப்பாட்டைத் தாமே விதித்துக்கொள்ள வேண்டும்: மூலத்தை மூடிய பிறகே தட்டச்சு, ஒரு பகுதிக்கு அறுபது சொல் வரம்பு, வெட்டி ஒட்டுவது அறவே இல்லை, எழுத்துப் பரிந்துரையை அமைப்புகளில் அணைத்து வைத்தல். குரலால் பதிவு செய்பவர்கள், புத்தகத்தை வாசித்துப் பதியாமல், மூடிவிட்டு விளக்கிப் பதிய வேண்டும்.

விரிவாக விடையெழுதும் முதன்மைத் தேர்வுக்குப் போகிறவர்கள் மட்டும், எழுதும் வேகத்துக்காகவேனும் வாரத்துக்கு இரண்டு விடைகளைக் கடிகாரம் வைத்துத் தாளில் எழுதிப் பார்க்கட்டும். குரூப் 4 முடித்து, இரண்டு ஆண்டுகளாக விடைத்தாளில் வட்டம் நிரப்புவதைத் தவிர வேறெதற்கும் பேனாவைத் தொடாத ஒருவர், முதல் பயிற்சியில் ஒன்றரைப் பக்கத்திலேயே விரல் மரத்துப்போய் நிறுத்தியதைப் பார்த்தேன். அவருக்கு விடை தெரிந்திருந்தது.